அத்தை சீர் படகில் வரும்

எங்கள் அம்மா சந்திரம்மாவை இப்போது தெருவே ‘கேப்டன்’ என்று கூப்பிடுகிறது. அந்தப் பேரை வைத்தவள் நான். கிண்டலுக்குத்தான் வைத்தேன். அது உண்மையாகிவிடும் என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் சின்ன பதவியாகப் பார்த்துக் கொடுத்திருப்பேன்.

அம்மாவுக்கு வேலை நாவலூரில், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் ஹவுஸ்கீப்பிங். கேட்பதற்கு வீட்டையே சாவி போட்டுப் பூட்டி வைத்திருக்கிற பெரிய உத்தியோகம் மாதிரி இருக்கும். வேலை என்னவோ கூட்டுவது, துடைப்பது, நீச்சல் குளத்தில் விழுந்த இலையை நீளக் கம்பு வலையால் அள்ளுவது. செய்யூர் பக்கம் இருக்கிற எங்கள் ஊருக்குக் காண்டிராக்டரின் வேன் இருட்டோடு வந்து அள்ளிக்கொண்டு போகும், இருட்டோடு கொண்டுவந்து கொட்டும். அம்மாவுக்கு மூக்குதான் மூலதனம். மாடிப்படி முனையில் நின்று மோந்து பார்த்து, எந்த மாடியில் எந்த வீட்டுக் குப்பைக்கூடை நிரம்பியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். என் கதையில் இந்த மூக்கு ரொம்ப முக்கியம். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குடியிருப்பில் ஜானகிராமன் என்று ஒரு சார். கம்ப்யூட்டர் வேலை. அவர் ஆசைப்பட்டு ஒரு சின்ன பாய்மரப் படகை வாங்கிவிட்டார். கடலில் விடப் பயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் சொல்லாமல் அதைக் குடியிருப்பின் நீச்சல் குளத்தில் இறக்கினார். அம்மா கரையில் இலை அள்ளிக்கொண்டிருந்தாள். சார் பக்கம் படகு சாய்ந்தது. “சந்திரம்மா, சும்மா அந்தப் பக்கம் வந்து உக்காருங்களேன், வெயிட்டுக்கு” என்றார். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு காற்று. பாய் உப்பியது. குளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் படகு போனது. அவ்வளவுதான். போய்ச் சுவரில் முட்டி நின்றது.

“மோட்டார் இல்ல, துடுப்பு இல்ல, சத்தமே இல்லடி ஜாய்சு. யாரோ முதுவுல கைய வெச்சு அப்பிடியே தள்ற மாதிரி கீது” என்று அன்றைக்கு ராத்திரி சோறு போடும்போது சொன்னாள். எனக்குக் குழம்பு ஊற்றுவதற்குப் பதிலாகத் தண்ணீரை ஊற்றினாள்.

குடியிருப்புச் சங்கம் கூடி சாரைக் கண்டித்தது. படகு கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு வருஷம் கவிழ்ந்து கிடந்தது. சாருக்கு வெளிநாட்டுக்கு மாற்றல் வந்தது. சங்கம் அதைப் பழைய இரும்புக்காரனுக்குப் போடச் சொன்னது. அம்மா நேராகப் போய், “சார், எனக்குக் குடுங்க” என்று கேட்டாள். சார் சிரிக்கவில்லை. இரண்டு ஆரஞ்சு நிற மிதவை ஜாக்கெட்டையும் சேர்த்துக் கொடுத்தார்.

எங்கள் நைனா ஏசுதாஸ் குட்டியானை வண்டி ஓட்டுகிறவர். மணல், வாழைத்தார், சாமியானா என்று எதை வேண்டுமானாலும் ஏற்றியிருக்கிறார். படகு ஏற்றியதில்லை. அதைக் கயிற்றால் கட்டிக் கொண்டுவரும்போது டோல்கேட்காரன், “இன்னா அண்ணாத்த, வெள்ளம் வரப்போவுதா?” என்று கேட்டானாம். அந்த வருத்தம் நைனாவுக்கு இன்னும் இருக்கிறது.

படகில் இரண்டு குறை. பாயில் பெரிய கிழிசல். சுக்கானைத் திருப்புகிற கட்டை உடைந்திருந்தது. கட்டைக்குப் பதிலாக அம்மா ஒரு பழைய மாப்பு கட்டையைச் செருகினாள். கிழிசலுக்கு எங்கள் தெரு கிரிக்கெட் போட்டி பேனரை வெட்டி நான் தைத்துக் கொடுத்தேன். வேண்டுமென்றே எழுத்து தெரிகிற இடமாகப் பார்த்து வெட்டினேன். அதனால் எங்கள் பாயில் இந்த ஊர் முழுக்கப் படிக்கிற மாதிரி ‘வருக வருக’ என்று இருக்கும். மறு பக்கம் காலி.

எங்கள் ஊருக்குக் கிழக்கே கழிவெளி. மழைக்காலம் முடிந்தால் கடல் மாதிரி விரிந்து கிடக்கும் உப்புத் தண்ணீர் ஏரி. வடக்குக் கோடியில் நாங்கள். தெற்குக் கோடியில், கண்ணுக்கு எட்டாத தூரத்தில், மாமா ஜான்சன் வீடு. அம்மாவின் ஒரே தம்பி. கல்பாக்கத்தில் கிரேன் ஓட்டுகிறார், பர்மனன்ட். புது மாடி வீடு, மேலே மீன் உருவத்தில் நீலத் தண்ணீர் டேங்க். பர்மனன்ட் ஆனதிலிருந்து மாமா பேசும்போது கொஞ்சம் மேலே இருந்து பேசுவார். கிரேனிலிருந்து இறங்க மறந்துவிட்டார் என்று நான் சொல்வதுண்டு.

ஈஸ்டர் சாப்பாட்டுக்குப் போனபோதுதான் எல்லாம் ஆரம்பித்தது. பிரியாணி நடுவில் அம்மா படகைப் பற்றிச் சொன்னாள். மாமா எலும்பைக் கீழே வைத்தார்.

“யக்கா, நீ இன்னா மீன்காரியா? நம்ம ஜனத்துக்கு தண்ணின்னா முட்டி வரைக்கும்தான். நம்ம தாத்தன் நாத்து நட்ட தண்ணி. அதுக்கு மேல கீற தண்ணி வேற ஆளுங்களுது. நீ கூட்டற வேலைய ஒழுங்கா கூட்டு.”

மாமாவின் மகள் ஜெஸ்ஸி அக்கா மட்டும், “அப்பா!” என்றாள். ஜெஸ்ஸி அக்கா நர்ஸ். செங்கல்பட்டில் நர்சிங் படித்த வருஷமெல்லாம் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அம்மாவும் அவளும் ஒரே பாய், ஒரே போர்வை. பரீட்சைக்கு முன்னாடி அவள் வாந்தி எடுப்பாள், அம்மா தலையைப் பிடித்துக்கொள்வாள். நான் பரீட்சைக்குப் போகாமலேயே இருந்துவிட்டதால் எனக்கு அந்தப் பிரச்சனை வரவில்லை. பதினொன்றாவதில் பாதியோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை.

அம்மா கையைக் கழுவினாள். துண்டில் துடைத்தாள். பிறகு சொன்னாள்:

“ஜான்சா, ஜெஸ்ஸி நிச்சயத்துக்கு அத்தை சீரு படகுலதான்டா வரும். படகுல வரலன்னா, நானும் வரல, என் சீரும் வரல.”

“அப்டியா? சரி. படகுல வந்தா உனக்கு முதல் மரியாதை. இல்லன்னா நீயே சொல்ட்ட, வராத.”

இரண்டு பேருமே சொன்ன சொல்லை விட மாட்டார்கள். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு கழுதைகள். ஐப்பசியில் ஜெஸ்ஸி அக்காவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. தை மாதம், பொங்கல் கழித்து, காலையில் நிச்சயதார்த்தம். மாமா வீட்டு வாசலிலேயே பந்தல்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் திட்டம் போடுவது ஆரம்பித்தது.

அம்மா பேப்பரில் எழுதுகிற ஆளில்லை. வீட்டுத் தரையில், ஈர மாப்பால், கழிவெளியை வரைவாள். இது நம்ம கரை, இது நடுவில் இருக்கிற மணல்திட்டு, இது இறால் பண்ணை, இது ஜான்சன் வீடு. மாப்பு முனையால் படகு போகிற வழியை இழுப்பாள். தரை காய்வதற்குள் நைனாவுக்கும் எனக்கும் புரிய வேண்டும். காய்ந்துவிட்டால் மறுபடி நனைத்து ஆரம்பத்திலிருந்து சொல்வாள். எங்கள் வீடு அந்த மூன்று மாதம் இருந்த சுத்தத்தில் வேறு எப்போதும் இருந்ததில்லை.

“மத்தியானமா கடல் காத்து வருது. அதுல போறது ஈஸி. ஆனா நிச்சயம் காலைலயாச்சே. காலைல எந்தக் காத்து வரும்னு தெரியல” என்று ஒரு நாள் தலையைச் சொறிந்தாள்.

“ஃபேன எடுத்துக்கினு போ” என்றேன்.

மாப்பு என் முட்டியில் விழுந்தது.

நைனா அவருடைய பங்குக்கு ஒரு பாதுகாப்புத் திட்டம் வைத்திருந்தார். “நான் ரோட்டுல வண்டில கூடவே வருவேன். ஒரு ஹாரன் அடிச்சா நல்லா போறீங்கன்னு அர்த்தம். ரெண்டு அடிச்சா கரைக்கு வந்துருங்க.”

“மூணு அடிச்சா?” என்றேன்.

“மூணு அடிச்சா நான் அழுதுகினு கீறேன்னு அர்த்தம்.”

சீர் விஷயத்தில் ஒரு பெரிய சிக்கல் வந்தது. சீர்த்தட்டு ஒற்றைப்படையில் போக வேண்டும். ரெட்டைப்படை ஆகாது. ஏழு தட்டு என்று முடிவானது. ஆனால் படகுக்கு ஒற்றைப்படை ஆகாது. இந்தப் பக்கம் மூன்று வைத்தால் அந்தப் பக்கமும் மூன்று வைக்க வேண்டும், இல்லையென்றால் சாயும். ஏழாவது தட்டு எங்கே போகும்? அம்மாவும் நைனாவும் இதற்காக ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை போட்டார்கள். கடைசியில் பாய்மரத்துக்குக் கீழே நட்ட நடுவில் ஏழாவது என்று தீர்ப்பானது. அம்மா எவர்சில்வர் தட்டில் செங்கல் வைத்து ஒத்திகை பார்த்தாள். செங்கல்லுக்குப் பன்னீர் தெளித்தது நான்.

காலைக் காற்று யாருக்குத் தெரியும்? குப்பத்து பூவாயிக்குத் தெரியும். பூவாயி கழிவெளியின் எல்லாக் கரையிலும் இறால் வாங்கி விற்கிறவள். ஷேர் ஆட்டோவில் கூடையோடு ஏறினால் டிரைவரைத் தவிர வேறு யாரும் ஏற முடியாது. அம்மா அவளைப் பிடித்துக் கேட்டாள். பூவாயி அவசரத்தில் இருந்தாள். ஆட்டோ கிளம்பிக்கொண்டிருந்தது. தலையை மட்டும் வெளியே நீட்டி,

“காலையில போ சந்திரா, ஒண்ணியும் இல்ல. ஆனா வாடை அடிச்சா மட்டும் எறங்காத, சொல்ட்டேன்!” என்று கத்தினாள். ஆட்டோ போய்விட்டது.

வாடை அடித்தால் இறங்காதே.

அம்மாவுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் எதையும் சொன்னதில்லை. வாடை என்றால் அவளுக்குத் தெரியாதா? அவள் சாப்பிடுகிற சோறே அதிலிருந்து வருகிறது. “கரெக்ட்டு. கழில சேறு கெளம்புச்சுன்னா வாடை வரும். சேறு கெளம்புதுன்னா தண்ணி சரியில்லன்னு அர்த்தம்” என்று எனக்கே விளக்கம் சொன்னாள். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. எங்கள் வீட்டில் காற்றுக்குப் பேர் கிடையாது. காற்று வந்தால் ‘காத்து’. வராவிட்டால் ‘கரண்ட் இல்ல’.

அதன் பிறகு அம்மா லீவு நாளில் கரைக்குப் போனால் முதலில் மூக்கைத் தூக்கி நான்கு திசையும் இழுப்பாள். வாடை இல்லை என்றால் படகில் ஏறுவாள். பக்கத்தில் நின்று பார்த்தால் போலீஸ் நாய் தோற்றுவிடும்.

இந்த மாதிரி ஒரு வாய்ப்பை நான் விடுவேனா? ஒரு நாள் கருவாட்டுத் துண்டு இரண்டைப் படகு மூக்குக்கு அடியில் சொருகி வைத்தேன். அம்மா வந்தாள், மோந்தாள், முகம் மாறியது. “யப்பா! இன்னா வாடை. இன்னிக்கு எறங்கக் கூடாது” என்று திரும்பிவிட்டாள். சாயங்காலம் பூனை போய் அந்த இடத்தையே சுற்றியதில் குட்டு உடைந்தது. மாப்பு கட்டையோடு தெரு முனை வரைக்கும் துரத்தினாள். அதற்கு முன்னாடியே, மத்தியானம், மழை கொட்டி இடி இடித்திருந்தது. காலையிலேயே கிழக்கே வானம் கருத்துக்கொண்டு இருந்ததை நான் அவளிடம் சொல்லவில்லை. வானத்தைப் பார்த்துப் பயந்தேன் என்று சொன்னால் எனக்கு என்ன மரியாதை இருக்கும்?

மார்கழி வந்தது. மழை விட்டது. கழிவெளி தளும்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒத்திகை. மணல்திட்டு வரைக்கும் போய்த் திரும்புவது என்று திட்டம். அம்மா மூக்கைத் தூக்கினாள். வாடை என்பது மருந்துக்கும் இல்லை. குளிர்ந்த, சுத்தமான, சோப்புப் போட்டு அலசின மாதிரி காற்று.

“சூப்பரு. ஏறு.”

பாயை ஏற்றியதுதான் தெரியும். படகு எங்களைக் கேட்காமல் கிளம்பியது. தண்ணீர் இரண்டு பக்கமும் சீறியது. மணல்திட்டு வந்தது, கை காட்டுவதற்குள் போயே போனது. அம்மா மாப்பு கட்டையை இந்தப் பக்கம் தள்ளினாள், அந்தப் பக்கம் தள்ளினாள். திருப்பப் பார்த்தால் பாய் படபடவென்று அடித்துக்கொண்டது, படகு பின்னாடியே நழுவியது. மறுபடி விட்டால் தெற்கே ஓடியது. திரும்பி வருகிற வழியே இல்லை. ரோட்டில் நைனா ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். ஒன்று, இரண்டு. அப்புறம் மூன்று. அப்புறம் கையை எடுக்கவே இல்லை.

பைபிளில் எனக்குத் தெரிந்த ஒரே வசனத்தைச் சொன்னேன். அது சாப்பாட்டுக்கு முன்னாடி சொல்கிற ஜெபம்.

கடைசியில் சொத்தென்று சேற்றில் போய்ச் சொருகி நின்றோம். இடுப்பளவு தண்ணீர். கரையில் ஒருத்தி கூடையோடு நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூவாயி. அந்தக் கரைக்கு இறால் வாங்க வந்தவள்.

“யம்மா சந்திரா! உனக்கு அறிவு கீதா? வாடை அடிச்சா எறங்காதன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனா இல்லியா?”

அம்மா படகில் எழுந்து நின்று கத்தினாள்: “எங்க அடிக்குது வாடை? ஒரு நாத்தமும் இல்லியே! நல்லா மோந்து பாத்துட்டுத்தானே எறங்கனேன்!”

பூவாயி வாயைத் திறந்தபடி நின்றாள். கூடையைக் கீழே வைத்தாள். அப்புறம் அவளே கீழே உட்கார்ந்தாள். இறால்காரர்கள், வலை காய வைத்தவர்கள், சைக்கிளில் போனவன் எல்லோரும் வந்து, “இன்னாவாம்?” என்று கேட்க, “வாடையை மோந்து பாத்துதாம்!” என்று சொல்லிச் சொல்லி, கரையே வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

“அடியே, வாடைன்னா வடக்கு காத்துடி! வடக்கருந்து வர்ற காத்து! அது தெக்க தூக்கிகினு பூடும், திரும்ப வுடாது!”

நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் நானும் ஒரு தடவை மோந்து பார்த்திருந்தேன்.

குப்பத்து ஆட்கள் படகைக் கரையேற்றிக் கொடுத்தார்கள். நைனா வந்து சேர்ந்தார். கண் சிவந்திருந்தது, தூசி விழுந்தது என்றார். வண்டியில் படகைக் கட்டிக்கொண்டு திரும்பினோம். அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவமானத்தில் இருக்கிறாள், ஒரு வார்த்தை கிண்டல் பண்ணக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் பதினேழு வயசில் அது ஒரு சாதனை.

பாதி வழியில் அம்மா திடீரென்று கேட்டாள். “ஏசு, நாங்க சேத்துல சொருகுனமே, அங்கருந்து பாத்தா மீன் மாரி ஒண்ணு தெரிஞ்சுதே, நீலமா. அது இன்னா?”

நைனா வண்டியை ஓரம் கட்டினார்.

“அது உன் தம்பி வூட்டு தண்ணி டேங்குமே.”

“நீ ரோட்டுல பறந்து வந்த. நாங்க உனக்கு முன்னாடியே போய் சேந்துட்டோம்ல?”

“ஆமா.”

அம்மா முன்னாடி ரோட்டைப் பார்த்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் தரையை நனைத்தாள். மணல்திட்டு இல்லை, வளைவு இல்லை, பண்ணை இல்லை. மாப்பை வடக்குச் சுவரில் வைத்துத் தெற்குச் சுவர் வரைக்கும் ஒரே இழுப்பு. நேர்க்கோடு.

பூவாயி இதைக் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். “ஆளு பூடுவ, சரி. எப்டி திரும்பி வருவ?”

“பொறந்த வூட்டு விசேஷத்துக்குப் போறவ திரும்பறத பத்தி யோசிச்சுகினா கெளம்புவா?” என்றாள் அம்மா. “போறதுக்குத்தான் காத்து வேணும். வர்றதுக்கு ஏசு வண்டி கீது.”

பூவாயி கூடையைத் தூக்கிக்கொண்டாள். “ஒரே சீரா அடிச்சா போ. கழி வெள்ளையா நொரைச்சிகினு கீதுன்னா அன்னிக்கு போவாத. அதுக்கு மூக்கு வாணாம், கண்ணு போதும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்புறம் ஒரே ஒரு கவலைதான். நிச்சயத்தன்று வாடை அடிக்க வேண்டும். இந்த ஊரில் வடக்குக் காற்றுக்காக ஜெபம் பண்ணின முதல் குடும்பம் நாங்களாகத்தான் இருக்கும்.

நிச்சயத்தன்று காலை வாடை அடிக்கவில்லை.

கழிவெளி கண்ணாடி மாதிரி கிடந்தது. ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றது, அதன் நிழலும் அசையாமல் நின்றது. படகில் ஏழு தட்டு. பட்டுப்புடவை, சட்டைத்துணி, லட்டு, மைசூர்பாகு, ஆப்பிள், வெற்றிலை பாக்கு, நடுவில் தேங்காயும் வாழைப்பழமும். எல்லாவற்றுக்கும் மேலே பிளாஸ்டிக் தாள் கட்டியிருந்தது. அம்மா மாம்பழக் கலர் பட்டுப்புடவை, அதற்கு மேல் ஆரஞ்சு ஜாக்கெட். தலையில் கனகாம்பரம். பார்க்க ஒரு சின்ன சூரிய உதயம் மாதிரி இருந்தாள். இதை அவளிடம் சொல்லவில்லை. “ரோடு போடற எஞ்சினியர் மாதிரி கீற” என்றுதான் சொன்னேன்.

வெயில் ஏறியது. பாய் துவைத்த துணி மாதிரி தொங்கியது. ‘வருக வருக’ மடிந்து ‘வரு’ மட்டும் தெரிந்தது.

நைனா கிட்டே வந்தார். “சந்திரா. தட்ட வண்டில ஏத்திடறேன். உன் தம்பிதானே. ஒரு வார்த்த எறங்கிப் போனா இன்னா?”

அம்மா பாயை அண்ணாந்து பார்த்தாள். போன் அடித்தது. ஜெஸ்ஸி அக்கா. நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

“அத்தை, எங்க கீற?”

“படகுலடி.”

“மாப்பிள்ளை வூட்டுக்காரங்க கெளம்பிட்டாங்க. அத்தை, படகு வாணாம், ஒண்ணியும் வாணாம். மாமாகூட வண்டில வந்துரு. அப்பாகிட்ட நான் பேசறேன். நீ இல்லாம எனக்குப் புடவ கட்ட வராது.”

அம்மா போனையே பார்த்தாள். “வர்றேன்டி கண்ணு” என்றாள். அவ்வளவுதான். போனை என்னிடம் கொடுத்துவிட்டு, மாப்பு கட்டையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். எழுந்து இறங்கிவிடுவாள் என்று நினைத்தேன். இறங்கினால், ஈஸ்டர் அன்றைக்கு மாமா சொன்னது சரி என்று ஆகிவிடும். முட்டி வரைக்கும்தான் என்று ஆகிவிடும். இறங்காவிட்டால் ஜெஸ்ஸி அக்கா அழுதுகொண்டே நிச்சயத்துக்கு உட்காருவாள். என் வாயில் ஒரு கிண்டலும் வரவில்லை.

அம்மா பழக்கதோஷத்தில் மூக்கைத் தூக்கி ஒரு தடவை இழுத்தாள்.

“ஜாய்சு” என்றாள்.

“இன்னா?”

“கழுத்துல சிலுசிலுன்னு கீதா உனக்கு?”

கொக்கின் நிழல் கலைந்தது. அப்புறம் தண்ணீரில் வடக்கிலிருந்து ஒரு சுருக்கம் ஓடி வந்தது, யாரோ போர்வையை உதறிய மாதிரி. பாயில் ‘வருக’ விரிந்தது. அடுத்த ‘வருக’வும் விரிந்தது.

“நைனா, வண்டிய எடு!” என்று கத்தினேன்.

அன்றைக்கு வந்த வாடை மார்கழியில் வந்த முரட்டு வாடை இல்லை. நல்ல வளர்ப்பு. ஒரே சீராகத் தள்ளியது. அம்மா சொன்ன மாதிரியே இருந்தது, யாரோ முதுகில் கை வைத்துக் கொண்டுபோகிற மாதிரி. ரோட்டில் ஒரு ஹாரன். கொஞ்சம் கழித்து மறுபடி ஒரே ஒரு ஹாரன். இறால் பண்ணைக்காரர்கள் வரப்பில் ஏறி நின்று விசில் அடித்தார்கள். அம்மா ஒரு கையால் கட்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மந்திரி மாதிரி கும்பிடு போட்டாள்.

அந்தக் கும்பிடுதான் வினை. கை வழுக்கியது, படகு ஒரு குலுக்கு குலுங்கியது, பாய் சடாரென்று இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் அடித்தது. நான் குனிந்தேன். நடுவில் இருந்த ஏழாவது தட்டுக்குக் குனியத் தெரியவில்லை. தேங்காய், வாழைப்பழம், தட்டு எல்லாம் தண்ணீரில். தட்டை மட்டும் எட்டிப் பிடித்தேன். தேங்காய்கள் மூன்றும் தலையை ஆட்டிக்கொண்டே பின்னால் போயின.

“ஆறாயிடுச்சேடி” என்றாள் அம்மா. பாதி ஏரியில் மிதந்துகொண்டிருக்கும்போது அவளுக்கு வந்த கவலை அது.

நீல மீன் தெரிந்தது. பந்தல் தெரிந்தது. கரையில் மொத்தக் கூட்டமும் நின்றது, பேண்டு செட்டு உட்பட. முன்னால் பட்டு வேட்டி சட்டையில் மாமா, பக்கத்தில் பாதி கட்டின புடவையைக் கையில் பிடித்தபடி ஜெஸ்ஸி அக்கா. அம்மா பாயை இறக்கச் சொன்னாள். இறக்கினேன். கரைக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது படகு போன தடவை மாதிரியே சொத்தென்று சேற்றில் உட்கார்ந்துவிட்டது.

அம்மா கரையைப் பார்த்தாள். மாமா அம்மாவைப் பார்த்தார். இறங்கி நடந்து வந்தால் படகில் வந்ததாகக் கணக்கா இல்லையா என்று அந்தக் கூட்டமே யோசித்த மாதிரி இருந்தது.

மாமா செருப்பைக் கழற்றினார். தண்ணீரில் கால் வைத்தார். கணுக்கால், அப்புறம் முட்டி. முட்டியில் ஒரு நொடி நின்றார். எனக்குச் சத்தியமாகத் தெரியும், அவருக்கும் ஈஸ்டர் பேச்சு ஞாபகம் வந்தது. அப்புறம் வந்தார். தொடை, இடுப்பு. புது பட்டு வேட்டி பலூன் மாதிரி உப்பி மிதந்தது. வந்து படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது. பேசுவதற்கு வேறு எதுவும் கிடைக்காமல் தட்டுகளைப் பார்த்தார்.

“இன்னாக்கா இது, ஆறு தட்டு கீது? எவளாவது ரெட்டப்படையில சீர் கொண்டாருவாளா?”

அம்மா என் கையிலிருந்த காலித் தட்டை வாங்கி நடுவில், பாய்மரத்துக்குக் கீழே, வைத்தாள்.

“ஏழாவது நீதான். ஏர்றா மேல.”

மாமா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஒரு சத்தம் போட்டார். அப்புறம் விளிம்பைப் பிடித்து ஏறினார். படகு ஒரு பக்கம் கவிழப் பார்த்தது. அம்மா மறு பக்கம் சாய்ந்து நேராக்கினாள். மாமா நடுவில் உட்கார்ந்தார், ஈர வேட்டியோடு, காலித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு. சத்தியமாக முதல் தடவையாக எங்களை விடத் தாழ்வான இடத்தில்.

“வெயிட்டு ஜாஸ்தி ஆயிடுச்சு. ஜாய்சு, நீ எறங்கித் தள்ளு” என்றாள் கேப்டன்.

நான் இறங்கினேன். சேறு, இடுப்பளவு. பாய் இறக்கியிருந்தாலும் அம்மா கயிற்றை இழுத்து அதை மறுபடி ஏற்றினாள், வெறும் அழகுக்கு. கரையில் பேண்டு செட்டுக்காரன் எந்தப் பாட்டு என்று தெரியாமல் டிரம்மை மட்டும் அடித்தான். ஜெஸ்ஸி அக்கா புடவை நுனியோடு தண்ணீரில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். வீட்டுக்காரர்களுக்கு விருந்தாளிகளே ‘வருக வருக’ என்று எழுதிக்கொண்டு வந்ததை மாப்பிள்ளை வீட்டார் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்னால் நின்று தள்ளினேன். முகத்தில் தண்ணீர் தெறித்துக்கொண்டே இருந்தது, உப்புத் தண்ணீர்தான், கழித் தண்ணீர்.

ரோட்டில் நைனா மூன்று ஹாரன் அடித்தார்.